மேடையும் திரையும் படிப்பாகுமா?

"கூத்தாடி கிழக்கே பார்த்தான்; கூலிக்காரன் மேற்கே பார்த்தான்" என்பது பழமொழி. விடிந்தால் கூத்தாடிக்கு வேலை முடியும். பொழுது சாய்ந்தால் கூலிக்காரனுக்கு வேலை முடியும். இருவரும் உழைப்பாளிகளே என்பதுதான் அதன் பொருள்.

ஆனால் கூலி வேலை செய்து குடும்பத்தைக் கரையேற்றிய வீட்டில் மகனோ, மகளோ "நாடகம் படிக்கப் போகிறேன், சினிமா படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் போதும். இடி விழுந்தாற்போல் ஆகிவிடுகிறது!

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் பி.யூ.சி. தேர்வு முடிவு வரும் நாட்களில் சில வீடுகளில் இந்தப் பேச்சு எழுகிறது. சில தகப்பனார்கள் "கூத்தாடவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறார்கள். வேறு சிலரோ பிள்ளையின் அழுகையைப் பார்க்கப் பொறுக்காமல், பிராவிடண்ட் பண்டில் கடன் வாங்கி, போர்டு தொங்கும் ஏதோ ஒரு பயிற்சி நிலையத்தில் கட்டி விடுகிறார்கள்.

இரண்டும் தவறு. முதலாவது பிள்ளையின் ஆசையைக் கெடுக்கிறது. இரண்டாவது வீட்டின் சேமிப்பைக் கரைக்கிறது. இரண்டுக்கும் நடுவே நல்ல வழி ஒன்று இருக்கிறது. மேடைக் கலையும் திரைக் கலையும் இன்று பல்கலைக்கழகப் பாடம். அதை மற்றப் படிப்புகளைப் போலவே கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கண்டக்டர் படித்த படிப்பு

பெங்களூர் பஸ் கண்டக்டர் ஒருவர் சூப்பர் ஸ்டார் ஆன கதை எல்லோருக்கும் தெரியும். "ரஜினிகாந்த் என்ன படித்துவிட்டா நடிக்க வந்தார்?" என்று கேட்பவர்கள் உண்டு.

படித்துவிட்டுத்தான் வந்தார்! சிவாஜி ராவ் 1973-ல் சென்னைக்குப் போனது வாய்ப்புத் தேடி ஸ்டூடியோ வாசலில் நிற்பதற்காக அல்ல. தென்னிந்திய திரைப்பட வர்த்தக சபை நடத்திய பயிற்சி நிலையத்தில் நடிப்புப் படிக்கத்தான் போனார். நண்பர் ஒருவர் கை கொடுத்தார். அங்கே படித்தபோதுதான் டைரக்டர் பாலசந்தரின் கண்ணில் பட்டார். 1975-ல் "அபூர்வ ராகங்கள்" வெளிவந்தது. தமிழைக் கற்றுக்கொள்ளும்படி பாலசந்தர் சொன்னார்; அதையும் கற்றார்.

இந்தக் கதையில் பிள்ளைகள் பார்ப்பது கடைசி அத்தியாயத்தை. பெற்றோர் பார்க்க வேண்டியது நடு அத்தியாயத்தை. அங்கே இருப்பது ஒரு வகுப்பறை. இன்னொன்றும் உண்டு. அந்த வகுப்பறையில் உட்கார்ந்த எல்லோரும் ரஜினிகாந்த் ஆகிவிடவில்லை. படிப்பு தொழிலைக் கற்றுத் தரும். வாய்ப்பை வாங்கித் தராது. இதைப் புரிந்து கொண்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர்

நடிப்பைச் சொல்லிக் கொடுத்துப் படிப்பது புதிய வழக்கமும் அல்ல. எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன், டி.கே. சண்முகம் எல்லோரும் சிறு வயதிலேயே நாடகக் கம்பெனிகளில் சேர்ந்து, அங்கேயே தங்கி, பாட்டும் வசனமும் பயின்றவர்கள். கன்னடத்தில் குப்பி வீரண்ணாவின் கம்பெனி அப்படிப்பட்ட ஒரு பள்ளிக்கூடம். ராஜ்குமார் அங்கே தேறி வந்தவர்தான். பின்னாளில் டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநராக உயர்ந்த பி.வி. காரந்தும் சிறு வயதில் அதே கம்பெனியில் இருந்தவர். காரந்தை எம்.ஏ. படிக்கக் காசிக்கு அனுப்பி வைத்தவர் வீரண்ணா!

தமிழ் நாடக உலகின் தலைமை ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் மறைந்தார். கூத்தாடி என்று ஊர் ஒதுக்கி வைத்த கூட்டத்துக்குப் பாடம் சொன்னவர் அவர். இன்று புதுவையில் உள்ள மத்திய பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி அதை முதலில் நடத்தினார். அங்கே நாடகத்தில் முதுகலைப் பட்டம் பெறலாம்.

இலங்கையில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். அங்கே "நாடகமும் அரங்கியலும்" பள்ளியில் உயர்தரத் தேர்வுக்கே ஒரு பாடம். அதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் தொடர்ந்து படிக்கலாம். அரசுத் தேர்வில் மார்க் வாங்கித் தரும் பாடத்தை எந்தத் தகப்பனார் கேவலம் என்று சொல்வார்?

பட்டமா, டிப்ளமோவா?

குமாஸ்தா வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், ஒரு சர்டிபிகேட்டில் எந்த வார்த்தை இருக்கிறது என்பதைப் பொறுத்து வாழ்க்கையே மாறும் என்று. பட்டம் வேறு, டிப்ளமோ வேறு, வெறும் சான்றிதழ் வேறு. பாங்கு அதிகாரி தேர்வுக்கும், பல அரசுத் தேர்வுகளுக்கும் பட்டம்தான் வேண்டும். சினிமாவில் வாய்ப்பு வராமல் போனால் பிள்ளை திரும்பி வருவதற்கு வழி இருக்கிறதா, இல்லையா என்பதை அந்த ஒரு வார்த்தைதான் தீர்மானிக்கும்.

சென்னை தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிலையம் 1945-ல் அடையாறு பாலிடெக்னிக்கில் தொடங்கிய பழைய நிலையம். நெடுங்காலம் டிப்ளமோதான் கொடுத்து வந்தது. இப்போது தமிழ்நாடு இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து 4 ஆண்டுப் பட்டப் படிப்பு நடத்துகிறது. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, டைரக்ஷன், எடிட்டிங் ஆகியவை அங்கே பாடங்கள்.

புனே திரைப்படக் கல்லூரி 1960-ல் தோன்றியது. கல்கத்தாவில் சத்யஜித் ரே பெயரிலான நிலையம் 1995-ல் வந்தது. இரண்டும் டிப்ளமோ கொடுத்து வந்த இடங்கள். 2025-ல் மத்திய அரசு இரண்டுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி அளித்தது. ஆக, டிப்ளமோ மட்டும் கொடுத்து வந்த பழைய நிலையங்களே பட்டத்தை நோக்கித்தான் நகர்கின்றன.

பெங்களூரிலும் இடம் உண்டு. பெங்களூர் பல்கலைக்கழகத்தின் ஞானபாரதி வளாகத்தில் நிகழ்கலைத் துறை இருக்கிறது. ஹெசரகட்டாவில் அரசின் திரைப்பட, தொலைக்காட்சி நிலையம் டிப்ளமோ வகுப்புகள் நடத்துகிறது. மல்லத்தஹள்ளி கலாகிராமத்தில் தேசிய நாடகப் பள்ளியின் தென்னகக் கிளை இருக்கிறது.

காமிராவுக்குப் பின்னால்

சினிமாப் படிப்பு என்றவுடன் பிள்ளைகள் நினைப்பது முகத்துக்குப் பவுடர் போடுவதை. ஆனால் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைக்கு உறுதியான பிழைப்பு பெரும்பாலும் காமிராவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. விளக்கு, ஒலி, எடிட்டிங் எல்லாமே கைத்தொழில்கள். கற்றவன் கையில் அவை நிற்கும். நடிகன் ஒரு படத்தில் தோற்றால் வீட்டில் உட்கார வேண்டும். ஒலிப்பதிவு தெரிந்தவனுக்கு சினிமா இல்லாவிட்டால் டெலிவிஷன், விளம்பரப் படம், கச்சேரி மேடை என்று பல கதவுகள் உண்டு.

இதற்கு பெங்களூரே சாட்சி. இந்த ஊர் ஜெயசாமராஜேந்திர பாலிடெக்னிக்கில் 1940-களிலேயே ஒளிப்பதிவு கற்றுக் கொடுத்தார்கள். அங்கே படித்த வி.கே. மூர்த்தி பம்பாய்க்குப் போனார். 1959-ல் இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமான "காகஸ் கே பூல்" படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். 2008-ம் ஆண்டுக்கான தாதா சாகேப் பால்கே விருது அவருக்குக் கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் அவர்தான். அதே பாலிடெக்னிக்கில் 1962-ல் தேறிய கோவிந்த் நிஹலானி மூர்த்தியிடம் உதவியாளராக இருந்து, பிறகு "அர்த் சத்யா" போன்ற படங்களை டைரக்ட் செய்தார். இரண்டு பேரும் பாலிடெக்னிக் மாணவர்கள். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்றால் தமிழ்த் தொழிலாளர் வீடுகளில் மரியாதை உண்டு. சினிமாவும் அதே பட்டறை வேலைதான்.

மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா புனேயில் ஒளிப்பதிவு படித்தவர். அவர் முதலில் டைரக்ட் செய்த "கோகிலா" கன்னடப் படம்; ஆண்டு 1977. 1986-ல் வந்த "ஊமை விழிகள்" சென்னைத் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் கூடி எடுத்த படம். படித்தவர்கள் பிழைக்கத் தெரியாதவர்கள் என்ற பேச்சை அந்தப் படம் பொய்யாக்கியது.

பெங்களூர்ப் பிள்ளைக்கு உள்ள பலம்

மொழி விஷயத்தில் இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளை கொடுத்து வைத்தவன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம். இத்தனை மொழி சம்பளம் கொடுக்காமல் வந்து சேர்ந்த செல்வம். நடிப்பவனுக்கு மட்டுமா? எடிட்டிங் மேசையில் உட்காருபவனுக்கும், டப்பிங் பேசுபவனுக்கும் அது மூலதனம்.

டெல்லி நாடகப் பள்ளியும் புனேயின் மேல்படிப்புகளும் சேரும்போதே ஒரு பட்டத்தைக் கேட்கின்றன. அது எந்தப் பாடத்திலும் இருக்கலாம். நாடகப் பள்ளி அதற்கு மேல் நாடகங்களில் பங்கு பெற்ற அனுபவத்தையும் கேட்கிறது. சேர்ந்து விட்டால் மாத உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைக்கிறது.

ஆகவே பிள்ளை வீட்டுச் சோறு தின்றுகொண்டே பி.ஏ. அல்லது பி.காம். படிக்கலாம். மாலை வேளைகளில் ஒரு நாடகக் குழுவில் சேரலாம். ஜே.சி. ரோட்டில் ரவீந்திர கலாக்ஷேத்திரம் இருக்கிறது. ஜே.பி. நகரில் 2004-ல் திறந்த ரங்க சங்கரா இருக்கிறது. கன்னட நாடகக் குழுக்களில் விளக்குப் பிடிக்கவும், திரை இழுக்கவும் ஆள் எப்போதும் வேண்டும். மூன்று ஆண்டு அப்படி உழைத்த பிறகும் ஆசை தணியாமல் இருந்தால், அது உண்மையான ஆசை. அதற்குள் தணிந்து விட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. பட்டம் கையில் இருக்கும்!

பணம் கட்டும் முன்

எந்த நிலையத்திலும் பணம் கட்டும் முன் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். பட்டம் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம்? பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா? சென்ற ஆண்டு தேறியவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? காமிராவை மாணவர் கையில் கொடுப்பார்களா, தூரத்திலிருந்து காட்டுவார்களா? இடையில் நின்றால் பணம் திரும்ப வருமா? "படத்தில் வாய்ப்பு நிச்சயம்" என்று யாராவது உறுதி சொன்னால், அந்த இடத்தை விட்டு உடனே எழுந்து வந்துவிட வேண்டும். எந்தப் பல்கலைக்கழகமும் அப்படிச் சொல்லாது.

வெளி மாநிலத் தமிழருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் சேரப் போனால் இருப்பிடச் சான்று கேட்கக்கூடும். தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ள சாதி கர்நாடகப் பட்டியலில் இல்லாமலும் இருக்கலாம். விண்ணப்பம் வாங்கும் போதே இதை விசாரித்துக் கொண்டால் கடைசி நேர ஓட்டம் இராது.

படிப்பு முடிந்த பிறகும் பாதை நேர்ப் பாதை அல்ல. சென்னையில் படப்பிடிப்பில் வேலை செய்ய, பெரும்பாலும் அந்தந்தத் தொழிலின் சங்கத்தில் உறுப்பினர் ஆக வேண்டும். அங்கே முதல் தேதி சம்பளம் இல்லை. வேலை இருக்கும் நாளில்தான் பேட்டா. ஆலையில் லே-ஆப் பார்த்தவர்களுக்கு இதைப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்லத் தெரியும்.

மகள் கேட்டால்?

மகள் கேட்டால் பெற்றோரின் பயம் இரட்டிப்பாகிறது. அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மலையாளத் திரையுலகில் பெண்கள் படும் பாட்டை ஆராய்ந்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. ஆனால் அதற்குப் பரிகாரம் பெண்ணைப் பூட்டி வைப்பது அல்ல. யாருடைய தயவும் இல்லாமல் தேர்வு எழுதிச் சேருகிற பல்கலைக்கழகமும், புகார் கேட்கும் குழுவும், விடுதியும் உள்ள இடமே பெண்ணுக்குப் பாதுகாப்பு. படிக்காமல் வாய்ப்புக் கேட்டு அலைவதில்தான் ஆபத்து அதிகம். எனவே பட்டப் படிப்பு பையனை விடப் பெண்ணுக்கே அதிகம் தேவை.

சங்கங்கள் செய்ய வேண்டியது

பெங்களூரில் தமிழ் அமைப்புகளுக்குக் குறைவில்லை. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நன்றாகவே நடக்கின்றன. அதோடு, ஆண்டுக்கு ஒரு நாளாவது, இந்தப் படிப்புகளை முடித்தவர்களை அழைத்து வந்து, பெற்றோரும் பிள்ளைகளும் கேள்வி கேட்க வழி செய்யலாம். விண்ணப்பத் தேதிகளைப் பலகையில் எழுதிப் போடலாம். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளை ஒருவருக்கு, புனேக்கோ டெல்லிக்கோ நேர்முகத் தேர்வுக்குப் போய்வர ரயில் கட்டணம் கொடுக்கலாம். ஒரு விழாப் பந்தலின் செலவில் பல பிள்ளைகளுக்கு டிக்கெட் வாங்கலாம்!

மேடைக் கலை கேவலமும் அல்ல. லாட்டரிச் சீட்டும் அல்ல. அது ஒரு தொழில். தொழில் என்றால் பயிற்சி வேண்டும், கருவி வேண்டும், கூலிக் கணக்கு வேண்டும். இது தொழிலாளர் வீட்டுக்குப் புரியாத விஷயமா? பிள்ளை கேட்கும்போது "முடியாது" என்றும் சொல்ல வேண்டாம், "ஆகட்டும்" என்றும் சொல்ல வேண்டாம். "எந்தப் பல்கலைக்கழகம்? எத்தனை வருஷம்? என்ன பட்டம்?" என்று முதலில் கேட்க வேண்டும். அதற்குப் பதில் தேடிக் கொண்டு வருகிற பிள்ளையை நம்பிப் படிக்க வைக்கலாம்.