அறிவுரை இல்லாத அறை

தமிழிலக்கியம் கற்பிக்கும் எங்களுக்குக் கள்ளைப் பற்றிப் பேசுவதில் ஒருநாளும் தயக்கம் இருந்ததில்லை. அதியமானோடு கள் பகிர்ந்த நாட்களை எண்ணி ஔவை அரற்றும் புறநானூற்றுக் கையறுநிலைப் பாடலை ஒரு பருவத்தில் நடத்துவோம். திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தை மறுபருவத்தில் நடத்துவோம். முன்னதில் குரல் தழுதழுக்கும், பின்னதில் குரல் உயரும். ஆனால் எங்கள் துறையிலேயே ஒருவர் குடியால் அழிந்துகொண்டிருந்தபோது பயன்படும்படியான ஒரு சொல்கூட எங்களிடம் இல்லை.

அவர் யாப்பிலக்கணம் நடத்தியவர். காலை முதல் மணி வகுப்புக்கு அவர் வராத நாட்களில் நாங்கள் முறைவைத்துச் சென்றோம். முதல்வர் கேட்டால் காய்ச்சல் என்றோம். அதைப் பெருந்தன்மை என்று நம்பினோம். அவர் வந்த நாட்களிலோ ஆளுக்கொரு அறிவுரை சொன்னோம். எல்லாவற்றையும் தலைகுனிந்து கேட்டுக்கொள்வார்; மாலையில் கடைக்குப் போய்விடுவார். ஐம்பத்தொரு வயதில் கல்லீரல் கெட்டு இறந்தார். சில மாதங்கள் கழித்து அவர் மனைவி எங்களிடம் கேட்டார்: "காலேஜுக்கு ரெண்டு தெரு தள்ளி வாராவாரம் கூட்டம் நடக்குதாமே சார், உங்கள்ல ஒருத்தருக்குக்கூடத் தெரியாதா?"

தெரியாது. தமிழக அரசு 2003இல் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் வழியாகத் தானே ஏற்றது. அதன்பின் கடை எங்கே இருக்கிறது என்பது குடிக்காதவருக்கும் தெரியும். குடியிலிருந்து மீண்டவர்கள் கூடும் இடம் குடிப்பவருக்கே தெரிவதில்லை.

அந்தக் கேள்வியின் உறுத்தலால் நாங்கள் மூவர் அக்கூட்டத்துக்குப் போனோம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பில் குடிநோயாளிகளுக்கு மட்டுமான மூடிய கூட்டங்களும், பிறரும் வரக்கூடிய திறந்த கூட்டங்களும் உண்டு. நாங்கள் போனது இரண்டாம் வகை. ஒரு பள்ளியின் வகுப்பறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், தேநீர். ஒவ்வொருவராக எழுந்து பெயரை மட்டும் சொல்லி, தாம் குடிநோயாளி என்றும் சொல்லி, தம் கதையைப் பகிர்ந்தார்கள். ஒரு சுமைதூக்கும் தொழிலாளி பேசினார். அடுத்து ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர். ஒருவர் பேச்சுக்கு மற்றவர் தீர்ப்புச் சொல்லவில்லை. தம் கதையையே சொன்னார். ஒன்றரை மணிநேரத்தில் ஓர் அறிவுரைகூட எங்கள் காதில் விழவில்லை. இறுதியில் காணிக்கைத் தட்டு வந்தபோது எங்கள் பணத்தை மட்டும் வாங்க மறுத்துவிட்டார்கள். வெளியார் நிதியை ஏற்பதில்லை என்பது அவர்கள் மரபு. கட்டணமும் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராகத் தகுதி.

இந்த முறை பிறந்த கதையும் இதையே சொல்கிறது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்த பில் வில்சன், வணிகம் தோற்ற மனச்சோர்வில் விடுதிக் கூடத்தில் நின்றார். அருகே மதுக்கூடம். அவரோ தேவாலயங்களைத் தொலைபேசியில் அழைத்து, தாம் பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற மருத்துவர். தன்னைக் காத்துக்கொள்ள நல்லுரை சொல்பவரைத் தேடாமல் தன்னைப் போன்ற ஒருவரைத் தேடினார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இந்தியாவுக்கு இவ்வமைப்பு 1957இல் வந்தது.

எங்கள் நண்பர்களிடையே மறுப்புகள் உண்டு. பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறாரே என்கிறார் பகுத்தறிவாளர் ஒருவர். வருகிறார், ஆனால் அந்தக் கடவுளை அவரவர் புரிதலுக்கே விட்டிருக்கிறார்கள். குழுவையே தம்மினும் பெரிய ஆற்றலாகக் கொள்ளும் நாத்திகர்களும் உண்டு. பேசினால் நோய் தீருமா என்கிறார் இன்னொருவர். 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, முழுமையாகக் குடியை விட்டிருப்பதில் இம்முறை பிற உளவியல் சிகிச்சைகளுக்கு நிகராகவோ மேலாகவோ பயன் தருவதாகக் கண்டது. ஒன்றை மட்டும் மறக்கலாகாது: நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முதலில் மருத்துவர், கூடவே கூட்டம்.

தேடுவது கடினமன்று. அமைப்பின் இந்திய இணையதளத்திலும் உதவித் தொலைபேசியிலும் கேட்கலாம்; போதை மீட்பு மருத்துவர்களிடம் விசாரிக்கலாம். உள்ளூரில் முகம் தெரிந்துவிடும் என்று அஞ்சுபவர் பக்கத்து ஊருக்குப் பேருந்து ஏறலாம். ஒரு கூட்டம் ஒட்டவில்லையென்றால் வேறொன்றுக்குப் போகலாம். குடும்பத்தாருக்கென 1951இல் தொடங்கிய அல்-அனான் தனியே இருக்கிறது. எங்கள் நண்பரின் மனைவிக்கு இதையும் நாங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

கல்லூரி அறிவிப்புப் பலகைகளில் இரத்ததான முகாம் அறிவிப்புக்குப் பக்கத்தில் இக்கூட்டங்களின் நாளும் நேரமும் இடமும் எழுதப்பட வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. எங்கள் துறைப் பலகையில் எழுதிவிட்டோம். யார் படிக்கிறார்கள் என்று நாங்கள் பார்ப்பதில்லை. சென்ற மாதம் யாரோ அதன் கீழே பென்சிலால், எந்தப் பேருந்து என்று கேட்டிருந்தார். பேருந்து எண்ணையும் எழுதினோம்.