சமையலறை எந்த மண்டலம்?

சென்ற சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் தமையனாரிடமிருந்து அவசர அழைப்பு வந்தது. "வீட்டில் பாகப்பிரிவினை நடக்கிறது, நீ மத்தியஸ்தனாக வந்து சேர்" என்றார். எங்கள் குடும்பத்தில் பாகம் பிரிப்பதற்கு உள்ள ஆஸ்தியெல்லாம் மேற்கு மாம்பலத்தில் இருக்கும் அந்த ஒரு வீடுதான். ஆகவே கொஞ்சம் கலங்கிய மனத்துடனேயே புறப்பட்டுப் போனேன்.

போய்ப் பார்த்தால், கூடத்து மேஜையின் மேல் வீட்டின் வரைபடம் விரித்துக் கிடந்தது. தமையனாரின் புதல்வன் அதில் நான்கு வர்ணம் தீட்டியிருந்தான். மாடியில் அவனும் அவன் மனைவியும் இருக்கும் அறை நீலம். குழந்தைகள் படிக்கும் அறை பச்சை. கூடமும் அதை அடுத்துத் தமையனார் படுக்கும் இடமும் மஞ்சள். மேற்குப் பக்கத்தில் என் தாயார் படுக்கும் அறை சிவப்பு. பாகம் பிரிக்கப்பட்டது நிலம் அல்ல, சீதோஷ்ணம் என்று அப்போதுதான் தெரிந்தது. பூமியை உஷ்ண மண்டலம், சமசீதோஷ்ண மண்டலம், குளிர் மண்டலம் என்று பிரித்துப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் படித்தோம் அல்லவா? அந்தப் பூகோளம் முழுவதையும் ஒன்றரை கிரவுண்டு மனைக்குள் அடக்கிவிடலாம் என்று ஒரு கம்பெனியின் பிரதிநிதி வந்து சொல்லிப் போயிருந்தார். அதற்கு அவர் கேட்ட தொகை ஒரு நடுத்தர மோட்டார் காரின் விலை.

இதை வெறும் ஆடம்பரம் என்று நான் தள்ளிவிடக் கூடாததற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் கத்திரி வெயிலில், பிற்பகல் மூன்று மணிக்குக் கட்டிலிலிருந்து எழுந்த என் தாயார் மயங்கி விழுந்துவிட்டார். அவருக்கு வயது எண்பத்திரண்டு. நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை. வைத்தியர் சொன்ன விவரம் எங்களுக்குப் புதிதாக இருந்தது. முதுமையில் வேர்வை குறைந்துவிடுகிறது; தாகமும் சரியாகத் தோன்றுவதில்லை. ஆகவே உடம்பு உள்ளே காய்ந்துகொண்டே போனாலும், "எனக்கு ஒன்றுமில்லை, புழுக்கமே தெரியவில்லை" என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருப்பார்களாம். பகல் வெயிலைக் காட்டிலும் இரவு இறங்காத வெப்பமே அவர்களுக்கு அதிகக் கெடுதல். பகலில் பட்ட உஷ்ணத்தை உடம்பு இரவில் கழித்தாக வேண்டும். சென்னை நகரத்தில் 2003-ம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி 45 டிகிரி அடித்ததை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் முதியோரை வாட்டுகிறவை, எவரும் தேதி குறித்து வைக்காத காற்றில்லாத இரவுகள்தாம்.

கம்பெனிக்காரர் சொன்ன ஏற்பாடு இதுதான். பெரிய யந்திரம் ஒன்று குளிர்ந்த காற்றை உண்டாக்கும். தகரக் குழாய்கள் அதை அறைதோறும் கொண்டு செல்லும். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் மோட்டாரால் திறந்து மூடும் சிறு கதவு ஒன்று உண்டு. ஒவ்வொரு மண்டலத்திலும் சுவரில் ஒரு தெர்மோஸ்டாட் உண்டு. பாட்டிக்கு 27 டிகிரி போதுமானால் அவர் அறைக் கதவு மூடிக்கொள்ளும். பேரனுக்கு 20 வேண்டுமானால் அவன் அறைக் கதவு திறந்தே இருக்கும்.

இந்த யோசனை பிறந்த இடம் அமெரிக்கா. விஸ்கான்ஸின் மாகாணத்தில் வைட்வாட்டர் என்னும் ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வாரன் ஜான்ஸன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். குளிர்காலத்தில் பாடம் நடக்கும்போதே காவலாள் வகுப்புக்குள் நுழைந்து உஷ்ணமானியைப் பார்ப்பான். பிறகு நிலவறைக்குப் போய் வெப்பக் காற்றைக் கூட்டுவான் அல்லது குறைப்பான். இந்தத் தொந்தரவு பொறுக்காத பேராசிரியர், அறையின் உஷ்ணநிலையைக் கீழே உள்ளவனுக்குத் தானே அறிவிக்கும் மின்சாரக் கருவி ஒன்றை அமைத்து 1883-ல் அதற்கு உரிமை பெற்றார். அறைக்கு அறை வெவ்வேறு உஷ்ணம் என்னும் ஏற்பாடு அதிலிருந்து வளர்ந்தது. அந்த நாட்டு வீடுகளுக்கு அது பொருத்தமானதே. பெரும்பாலும் மரத்தால் கட்டிய வீடு. அடியில் நிலவறை, உச்சியில் பரண். இரண்டிலும் குழாய் ஓட இடம் உண்டு. ஒரே உலை, ஒரே தெர்மோஸ்டாட் என்றால், உஷ்ணக் காற்று மேலே ஏறும் இயல்பினால் மாடியில் இருப்பவர் வெந்துபோவார்; நிலவறையில் இருப்பவர் நடுங்குவார். வீட்டை மண்டலங்களாகப் பிரிப்பது அங்கே நியாயந்தான்.

"இதே யந்திரம் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கவும் செய்யும்" என்று வேறு அந்தப் பிரதிநிதி சொல்லியிருந்தாராம். சென்னையின் குளிர்காலத்தை நேயர்கள் அறிவார்கள். மார்கழி விடியற்காலையில் 20 டிகிரியை ஒட்டி நிற்கும். அதற்கே நாம் காதில் மப்ளர் சுற்றிக்கொண்டு பஜனைக்குப் போகிறோம். அந்த 20 டிகிரியைத்தான் சித்திரையில் விலை கொடுத்து வாங்க என் தமையனாரின் புதல்வன் துடித்துக்கொண்டிருந்தான்!

யந்திரம் ஐந்து டன் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. "அத்தனை கனத்தை நம் மொட்டை மாடி தாங்குமா?" என்று என் தாயார் கவலைப்பட்டார். டன் என்பது யந்திரத்தின் எடை அல்ல. இரண்டாயிரம் பவுண்டு பனிக்கட்டி இருபத்துநான்கு மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு உஷ்ணத்தை உறிஞ்சுமோ, அவ்வளவு உஷ்ணத்தை அதே வேகத்தில் வெளியேற்றும் சக்திக்கு ஒரு டன் என்று பெயர். இந்தக் கணக்கு நமக்கு அந்நியமானதும் அல்ல. பிரெடரிக் டியூடர் என்னும் அமெரிக்க வியாபாரி பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி அனுப்ப, அதைச் சேமித்து வைக்க 1842-ல் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் எழுந்த கட்டடந்தான் ஐஸ் ஹவுஸ். 1897-ல் விவேகானந்த சுவாமிகள் தங்கியிருந்து பேசிய பிறகு அந்தக் கட்டடத்துக்கு வேறு பெருமை வந்து சேர்ந்தது. இன்று அது விவேகானந்தர் இல்லம். பனிக்கட்டிக் கப்பல் நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் நம் தூக்கத்தை இன்னும் அமெரிக்கப் பனிக்கட்டியின் எடையால்தான் அளந்துகொண்டிருக்கிறோம்.

புதல்வனின் கட்சியையும் சொல்ல வேண்டும். அவன் பிடிவாதக்காரனே தவிர அசடன் அல்ல. அவன் மனைவி வேலை பார்க்கும் கம்பெனி அமெரிக்கக் கடிகாரத்தை அனுசரிப்பது. அவள் இரவெல்லாம் விழித்துப் பகலில் தூங்குகிறாள், அதுவும் நேரே மொட்டை மாடிக்கு அடியில் உள்ள அறையில். மாமனார் தூங்கும் நேரத்தில் மருமகள் கணினியின் முன்; மருமகள் தூங்கும் நேரத்தில் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில். ஒரே வீட்டில் மூன்று கால அட்டவணைகள்! ஆள் இல்லாத அறையைக் குளிர வைக்காமல் ஆள் இருக்கும் அறையை மட்டும் குளிர வைப்பது சிக்கனம் என்றான் அவன். மறுக்க முடியாத வாதம்.

ஆனால் அந்தச் சிக்கனத்துக்கு இந்த யந்திரந்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. நம் வீடு செங்கல்லும் காங்கிரீட்டும். பரண் கிடையாது, நிலவறை கிடையாது. குழாய் ஓட வேண்டுமானால் ஃபால்ஸ் சீலிங் என்னும் பொய்க்கூரை போட்டு, இருக்கிற பத்தடி உயரத்தில் ஓர் அடியைப் பலி கொடுக்க வேண்டும். அடுத்தபடியாக, ஐந்து டன் யந்திரம் ஊதும் காற்று முழுவதும் பாட்டியின் சிறிய அறைக்குள் மட்டும் புகுந்தால் என்ன ஆகும்? குழாய் இரையும். காற்றின் ஓட்டம் தடைப்பட்டு, உள்ளே இருக்கும் குளிர்ச் சுருளில் பனி உறைந்தாலும் உறையும். வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் புது மாதிரி யந்திரங்கள் இந்தத் தொல்லையைத் தணிக்கின்றன; ஆனால் எவ்வளவு குறையும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. குழாயே இல்லாமல், வெளியே ஒரு யந்திரம், அறைதோறும் ஒரு கிளை என்று 1982-ல் ஜப்பான் தேசத்து டைகின் கம்பெனி கொண்டுவந்த முறையையும் ஆலோசித்தோம். பெரிய மாளிகைக்கும் காரியாலயத்துக்கும் அது சிறந்ததே. ஆனால் வெளியே உள்ள ஒரு யந்திரம் படுத்துவிட்டால் வீடு முழுவதும் படுத்துவிடும். கடற்காற்றின் உப்பு குளிர்ச் சுருளை அரிக்கும் நம் ஊரில் அது அபூர்வ சம்பவம் அல்ல.

மின்சாரக் கணக்கை நான் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினேன். ஒரு டன் யந்திரம் முழு மூச்சில் ஓடினால் மணிக்குச் சுமார் ஒரு யூனிட். நல்ல இன்வர்ட்டர் யந்திரம் அறை குளிர்ந்த பிறகு அதில் பாதியோடு நிற்கும் என்று வைத்துக்கொண்டாலும், இரவுக்கு எட்டு மணி நேரம், அறுபது இரவுகளுக்கு 240 யூனிட். நான்கு அறைக்கு 960. அதிகம் செலவழிப்பவருக்கு யூனிட்டின் விலையே படிப்படியாக ஏறும் முறை நம் மாகாணத்தில் இருப்பதால், நான்காவது அறையின் குளிர்ச்சி முதல் அறையின் குளிர்ச்சியை விட விலை உயர்ந்தது. எந்த அறை முதல் அறை என்பதே அந்த வீட்டு வழக்கு.

விவாதம் இந்தக் கட்டத்தில் இருக்கும்போது, அதுவரை உள்ளே இருந்த என் அண்ணியார் காபித் தட்டுடன் வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. சமையலறை எந்த மண்டலம்?" என்று கேட்டார்.

யாரும் வாய் திறக்கவில்லை. படத்தில் சமையலறை வெள்ளையாக இருந்தது. பிறகு புதல்வன், "அம்மா, அங்கே குளிர்காற்றை விட்டால் புகைபோக்கும் விசிறி அதை அப்படியே வெளியே தள்ளிவிடும். தாளிக்கிற எண்ணெய்ப் புகை குழாய்க்குள் போனால் எல்லா அறையிலும் ரசம் மணக்கும்" என்றான். அவன் சொன்னது அத்தனையும் சரி. சரியாக இருந்ததுதான் எங்களை மேலும் சங்கடப்படுத்தியது.

குழந்தைகளின் பள்ளிக்கூட உஷ்ணமானி ஒன்று அலமாரியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு அன்று பகல் முழுவதும் அறை அறையாகச் சுற்றினேன். மூன்று மணிக்குத் தாயாரின் அறையில் 36 டிகிரி. மேற்குச் சுவரில் கை வைக்க முடியவில்லை. மாடி அறையில் 37. பதினொரு மணிக்கு, இரண்டு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தபோது, சமையலறையில் 39. அந்த அறையில் ஒரே ஒரு ஜன்னல். அதன் பாதியை மறைத்துக்கொண்டு பழைய பித்தளைப் பாத்திரங்கள் அடுக்கிய ஒரு பலகை. விசிறி போட்டால் அடுப்பு அணைகிறது. அண்ணியாருக்கு வயது அறுபத்தாறு. காலை ஐந்தரை மணிக்கு அங்கே நுழைகிறவர், வருகிறவர்களின் மூன்று கால அட்டவணைகளுக்கும் பரிமாறிவிட்டு வெளியே வருவதற்குப் பிற்பகல் இரண்டாகிறது. என் தாயாருக்கு வந்தது அவருக்கு வர இன்னும் எத்தனை வருஷம்? அதை எங்களில் ஒருவரும் கணக்கிட்டதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்.

மத்தியஸ்தன் என்ற முறையில் நான் சொன்ன தீர்ப்பில் பாதியைத்தான் ஒப்புக்கொண்டார்கள். முதலில் கொத்தனாரை அழைத்தோம். மொட்டை மாடியில் வெடித்துக் கறுத்திருந்த பழைய தட்டோட்டைப் பெயர்த்து, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ஓடு பதித்தாயிற்று. பகலெல்லாம் உஷ்ணத்தை விழுங்கி இரவில் கீழே உமிழ்வது அந்தத் தளந்தான். மேற்குச் சுவருக்கு வெளியே கீற்றுப் பந்தல் இறக்கி, அவரைக் கொடி ஏற்றினோம். வெட்டிவேர்த் தட்டி தொங்கவிடலாம் என்றார் தமையனார். ஆனால் வறண்ட காற்றில்தான் அது நன்றாக வேலை செய்யும். கடற்காற்றின் ஈரம் நிறைந்த சென்னையில் வாசனைதான் மிச்சம் என்று விட்டுவிட்டோம். இவ்வளவும் முடிந்த பிறகு தாயாரின் அறைக்கு ஒரு டன், மாடி அறைக்கு ஒரு டன் என்று இரண்டு தனி ஸ்பிலிட் யந்திரங்கள். குழாய் இல்லை, பொய்க்கூரை இல்லை. எல்லாம் சேர்ந்து கம்பெனிக்காரர் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு கூட ஆகவில்லை.

சமையலறையில் பித்தளைப் பாத்திரங்கள் பரணுக்குப் போயின. ஜன்னல் முழுவதும் திறந்தது. அடுப்புக்கு மேல் புகைபோக்கி வந்தது. ஓர் அடுப்புக்குப் பதிலாக இண்டக்ஷன் அடுப்பு வைத்தோம். அது பாத்திரத்தைச் சூடாக்குகிற அளவுக்கு அறையைச் சூடாக்குவதில்லை. பிற்பகல் காபியைத் தமையனார் போடுவதென்றும், இரவுச் சாப்பாட்டுக்குப் புதல்வன் பொறுப்பென்றும் ஏற்பாடாயிற்று. இரண்டாவது ஏற்பாடு மூன்று வாரம் நீடித்தது.

2020-ம் வருஷம் முதல் நம் நாட்டில் அறைக் குளிர்சாதன யந்திரங்கள் 24 டிகிரியில் துவங்கும்படி அமைந்திருக்க வேண்டும் என்று சட்டம். என் தாயாருக்கு 24 கூட இமயமலைதான். 27-ல் வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுற்றவிட்டு, கதவைப் பாதி திறந்து வைத்துக்கொள்கிறார். "கதவு திறந்திருந்தால் குளிர் வீணாகுமே, பாட்டி!" என்று பேரன் கெஞ்சுகிறான். "மூடினால் யார் வருகிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்கிறார் அவர். குழந்தைகள் தங்கள் பாயையும் புத்தகத்தையும் அவருடைய அறைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். பச்சை மண்டலம் தானாகக் கலைந்துபோயிற்று.

போன வாரம் அங்கே போயிருந்தேன். காலை பத்து மணி. அண்ணியார் அரிவாள்மணையும் கத்திரிக்காயுமாகத் தாயாரின் அறையில் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நறுக்கும் வேலை சிவப்பு மண்டலத்துக்குக் குடி வந்துவிட்டது. வதக்குகிற வேலை இன்னும் வெள்ளையில்தான் நடக்கிறது.