மாற்றுத்திறனாளியைப் பராமரிக்க அன்பு மட்டும் போதுமா?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் பெற்றோர் ஆசிரியர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சேர், பிள்ளையை இனி எந்தக் கோர்ஸுக்கு விடலாம்?" கணினி, தாதியர், தையல், அழகுக்கலை என்று பட்டியல் நீளும். மாற்றுத்திறனாளிகளைப் பராமரிக்கும் தொழில் அதில் இருப்பதில்லை. அதை நமது சமூகம் இன்னும் ஒரு தொழிலாகவே பார்க்கவில்லை.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதமானோர் ஏதோ ஒரு வகை இயலாமையுடன் வாழ்கின்றனர். 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் அவர்களது உரிமைகளைப் பேசுகிறது. 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. சமவாயத்தின் 19ஆவது உறுப்புரை, சமூகத்துக்குள் வாழத் தேவையான தனிநபர் உதவியையும் உரிமையாகவே கூறுகிறது. ஆனால் அந்த உதவியைச் செய்யும் கைகள் எங்கே?

நான் கற்பிக்கும் இறுப்பிட்டி, புங்குடுதீவைச் சேர்ந்தது. 1991 இடப்பெயர்வுக்குப் பின் பல குடும்பங்கள் திரும்பவில்லை. இளையோர் யாழ். நகருக்கும் சுவிஸ், பிரான்ஸ், கனடாவுக்கும் போய்விட்டனர். பல வீடுகளில் முதியோரே எஞ்சியிருக்கின்றனர். நெடுந்தீவு, நயினாதீவு மக்கள் யாழ். போதனா வைத்தியசாலைக்குச் செல்ல முதலில் குறிகட்டுவானுக்குப் படகேற வேண்டும். இப்படியான இடத்தில், எழுந்து நடக்க முடியாத ஒருவரின் முழுப் பொறுப்பும் தாயின் தலையிலோ மூத்த மகளின் தலையிலோ விழுகிறது. தம்பியைப் பார்க்க ஆளில்லை என்று பாடசாலைக்கு வராமல் நிற்கும் மாணவியின் கல்வியும் இந்தக் கணக்கில் சேரும்.

பராமரிப்புக்கு அன்பு போதும் என்பது நமது நினைப்பு. படுக்கையில் இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்குப் படுத்தபடி உணவூட்டினால் அது நுரையீரலுக்குள் போகலாம். வலிப்பு வந்தவரின் வாய்க்குள் கரண்டி வைக்கக் கூடாது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும் முறை தெரியாவிட்டால் தூக்குபவரின் முதுகும் போகும். யாழ். ஜெய்ப்பூர் நிறுவனம் 1987 முதல் செயற்கைக் கால் பொருத்தும் பெரும் பணியைச் செய்கிறது. ஆனால் உபகரணம் வீடு வந்து சேர்ந்த பிறகு, நாளாந்தம் கூட நின்று உதவுவதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும்.

வழி இல்லாமலில்லை. பராமரிப்பாளருக்கான தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ., நம் நாட்டில் உண்டு. 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழிற்பாடங்களில் சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும் உள்ளது. ஆயினும் இச்சான்றிதழைப் பலர் தேடுவது ஜப்பானுக்கோ இஸ்ரேலுக்கோ போவதற்காகத்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அங்கே அது சம்பளமுள்ள உத்தியோகம். இங்கே வீட்டு வேலை.

அவுஸ்திரேலியா 2013இல் தேசிய இயலாமைக் காப்புறுதித் திட்டத்தைத் தொடங்கியது. தகுதி பெற்ற மாற்றுத்திறனாளியின் உதவியாளருக்கான ஊதியம் அதிலிருந்து கிடைக்கிறது. அத்துறைக்குச் செல்பவர்கள் பலர் கற்கும் மூன்றாம் தரச் சான்றிதழில் 120 மணித்தியாலக் களப்பயிற்சி கட்டாயம். பின்னணிச் சோதனையும் உண்டு. அந்தளவு பணம் நம்மிடம் இல்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அது வரவேற்கத்தக்கது, ஆனால் அந்தப் பணத்தில் பராமரிப்பாளரை வைத்துக்கொள்ள முடியாது.

இந்த இடைவெளியில்தான் நமது ஜமாஅத்துகளுக்கு வேலை இருக்கிறது. ஸகாத் பெறத் தகுதியுள்ள குடும்பத்துப் பிள்ளைக்குத் தையல் இயந்திரம் கொடுக்கிறோம். பராமரிப்புப் பயிற்சிக்கான செலவையும் கொடுக்கலாம். ஸதகா நிதியிலிருந்து அவருக்கு மாதச் சம்பளம் ஒழுங்கு செய்யலாம். ஒருவர் ஒரே கிராமத்தில் நாலைந்து வீடுகளைக் கவனிக்க முடியும். பல வருடம் பிள்ளையைப் பராமரித்த தாய்மாரின் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கவும் என்.வி.கியூ. முறையில் இடமிருக்கிறது. அவர்களையும் விண்ணப்பிக்கச் செய்ய வேண்டும்.

நமது பெண்களுக்குப் பெண் பராமரிப்பாளரே வேண்டும். வுழூ, தயம்மும் செய்யவும் கதிரையில் அமர்ந்து தொழவும் உதவத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. அவரது சேவை அயலிலுள்ள இந்து, கிறிஸ்தவ வீடுகளுக்கும் போக வேண்டும். இயலாமை மதம் பார்த்து வருவதில்லை.

பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் அனுதாபத்தோடு ஓரமாக உட்கார வைக்கவில்லை. முஅத்தினாக்கினார்கள், தாம் பயணம் போனபோது மதீனாவின் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். நமது ஊரின் மாற்றுத்திறனாளியும் பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் சந்தைக்கும் வர வேண்டுமானால், அவரை அழைத்துவரத் தெரிந்த, சம்பளம் பெறும் ஒருவர் வேண்டும். அடுத்த றமழானில் ஸகாத் பட்டியல் தயாரிக்கும் நிர்வாகங்கள், ஊருக்கு ஒரு பிள்ளையின் பயிற்சியை அதில் சேர்க்கட்டும். இன்ஷா அல்லாஹ், அந்தப் பிள்ளைக்குத் தொழிலும் ஒரு தாய்க்கு ஓய்வும் கிடைக்கும்.