சக்கேயுவின் கணக்கு

கூத்தாநல்லூர் வட்டாரத்தில் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றுகொண்டிருந்தபோது, கற்றறிந்த பெரியவர் ஒருவர் சொன்ன சொல் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. "வெள்ளைக்காரன் வந்திராவிட்டால் நமக்கு அணை ஏது? இரயில் ஏது? இந்த ஆலயந்தான் ஏது? நன்றி மறக்கலாமா?" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் தலையசைத்தனர். மறுத்துரைக்க எவருக்கும் நாவெழவில்லை, எனக்கும் எழவில்லை. அன்று வாய்மூடி நின்றதற்குக் கழுவாயாகவே இதனை எழுதுகிறேன்.

நன்றியறிதல் நல்லறம், ஐயமில்லை. ஆனால் அது உரியவருக்குச் செலுத்தப்படாமல் வேறொருவர் காலடியில் வைக்கப்படுமானால், உழைத்தவருக்கு இழைக்கப்படும் இன்னொரு அநீதியாகவே முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியப் பேரரசுகளை வள்ளல்களாகக் கருதும் பழக்கம் நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் சற்று ஆழமாகவே வேரூன்றியிருக்கிறது. அதைக் களையாதவரை நம் வரலாற்றை நாம் நேர்மையாக எழுத இயலாது என்பதே என் வழக்கு.

பேரரசு எதற்காக வந்தது என்பதை, அது தன் அதிகாரிக்கு இட்ட பெயரே சொல்லிவிடுகிறது. மாவட்டத்தின் தலைமை அலுவலருக்கு அது தேர்ந்தெடுத்த பெயர் 'கலெக்டர்'. அதாவது, வரி தண்டுபவர். இன்று நாம் அதை 'ஆட்சியர்' என்று மரியாதையாக மொழிபெயர்த்துக்கொண்டோம். நற்செய்தி படித்தவர்களுக்கு அந்தப் பழைய தொழில் புதிதன்று. எரிகோ நகரில் அத்திமரத்தில் ஏறி நின்ற சக்கேயுவும் அதே தொழிலைச் செய்தவர்தாம். தொலைதூரத்துப் பேரரசு ஒன்றுக்காகத் தம் சொந்த மக்களிடம் வரி தண்டியவர்தாம்.

தஞ்சைத் தரணிக்கு இந்தத் தண்டல் வந்த கதையைச் சற்றே நினைவுகூர்வோம். 1799-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், இரண்டாம் சரபோஜி மன்னர் கிழக்கிந்தியக் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டார். நாட்டின் நிர்வாகம் முழுவதும் கம்பெனியின் கைக்குப் போயிற்று. மன்னருக்கு ஆண்டுக்கு ஒரு இலட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்திலொரு பங்கும், தஞ்சைக் கோட்டையும் மிஞ்சின. அவருடைய மகன் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி இறந்தபோது, அந்த வெறும் பட்டத்தையும் கம்பெனி அழித்தது. மறு ஆண்டு அரண்மனைக்குள் புகுந்து, அரச குடும்பத்தின் சொந்த நகைகளையும் சொத்துகளையும் கைப்பற்றியது.

அரசரின் மூத்த மனைவி காமாட்சி பாய் வாளாவிருக்கவில்லை. கம்பெனியின் மீது வழக்குத் தொடுத்தார். சென்னை உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 1859-இல் வந்த அதன் தீர்ப்பை ஒவ்வொரு கிறிஸ்தவரும் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். கம்பெனி செய்தது நீதி என்று அந்த மன்றம் கூறவில்லை. அது ஓர் அரசு தன் இறையாண்மையைக் கொண்டு செய்த செயல். எனவே அது நீதியா அநீதியா என்று ஆராயும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கும் கிடையாது என்று கூறிவிட்டது! பின்னர் 1862-இல் அரசு அச்சொத்துகளை விதவைகளுக்குத் திருப்பித் தந்தது. உரிமையாக அன்று, கருணையாக.

பேரரசின் உள்ளத்தை இதைவிடத் தெளிவாக யாரால் திறந்து காட்ட முடியும்? வலிமை செய்த செயலைக் கேள்வி கேட்க மன்றமே இல்லை என்பதுதான் அதன் விசுவாச அறிக்கை. வாழ்வோரையும் இறந்தோரையும் தீர்ப்பிட ஒருவர் வருவார் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடும் நாம், அந்த விசுவாசத்துக்கும் சேர்த்துத் தலையசைக்க முடியுமா?

"அணையை மறந்துவிட்டீரே" என்பார்கள். மறக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் படுகை மணல்மேடிட்டு, வெள்ளம் கொள்ளிடத்தின் பக்கம் ஓடத் தொடங்கியது. நீர் குறைந்தால் நெல் குறையும். நெல் குறைந்தால் வரி குறையும். இந்தக் கவலையிலிருந்துதான் 1836-இல் முக்கொம்பில் மேலணை எழுந்தது. அதைத் திட்டமிட்ட ஆர்தர் காட்டன் திறமையும் மனச்சான்றும் உடையவர். ஆற்று மணலில் அடித்தளம் இடும் வித்தையைக் கல்லணை கட்டிய பழந்தமிழரிடமே கற்றோம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர். தம் அரசு நீர்ப்பாசனத்தைப் புறக்கணிப்பதாகக் கடிந்துகொண்டவரும் அவரே. அந்த மனிதருக்கு நன்றி சொல்வதில் எனக்குத் தடையில்லை. ஆனால் பசுவுக்குப் புல்லிடும் பால்காரனை யாரும் பசுவின் வள்ளல் என்பதில்லை. கம்பெனி மேலணைக்குச் செலவிட்டது, தஞ்சை நெல்லிலிருந்து கறக்க வேண்டிய வரிக்காக. கல்லணையின் நுட்பம் நம் முன்னோருடையது. கொட்டிய பணம் இம்மண்ணின் வரிப்பணம். கல்லும் மண்ணும் சுமந்த தலைகள் பெயரறியாத ஏழைகளுடையவை. நன்றிக்கு உரியவர்கள் இவர்களில்லையா?

இரயிலின் கதையும் இதுவே. நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1861-இல் தஞ்சையையும் 1862-இல் திருச்சிராப்பள்ளியையும் தொட்டது. அக்காலத்து இரயில் கம்பெனிகளில் முதலிட்ட இங்கிலாந்துக்காரர்களுக்கு, நட்டம் வந்தாலும் நூற்றுக்கு ஐந்து வீதம் ஆதாயம் உண்டென்று அரசு உறுதி தந்திருந்தது. அந்த ஐந்தைக் கொடுத்தது இந்தியக் குடியானவனின் வரி. பாதை துறைமுகத்தில் தொடங்கியதும் தற்செயலன்று. இலங்கைத் தோட்டங்களுக்குத் தஞ்சை நெல் அந்தத் துறைமுகம் வழியாகத்தான் கப்பலேறியது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர் பலருடைய மதிப்பீடு. 1877 சனவரி முதல் நாள், அந்தப் பஞ்சத்தின் நடுவிலேதான், விக்டோரியா இந்தியாவின் பேரரசியென்று டில்லியில் ஆடம்பரத் தர்பார் கூட்டி அறிவிக்கப்பட்டார். சுதந்திர வணிகத்தின் பெயரால், தானிய ஏற்றுமதியைத் தடுக்க அரசு மறுத்தது. நிவாரண வேலை செய்த கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் சிறு காசும் போதுமென்று அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் அளந்து வைத்தார். இரயிலும் இருந்தது, தானியமும் இருந்தது. சாகிறவனுக்கு உண்ணும் உரிமை மட்டும் இல்லை.

இனிக் கூத்தாநல்லூருக்கு வருவோம். 'சின்னச் சிங்கப்பூர்' என்று இவ்வூரைச் சொல்வார்கள். இங்குள்ள இஸ்லாமியப் பெருமக்கள் மலாயா, சிங்கப்பூர் எனக் கடல் கடந்து, தம் உழைப்பாலும் வணிகத் திறத்தாலும் பொருளீட்டினர். அகன்ற இல்லங்களையும் பள்ளிவாசல்களையும் எழுப்பினர். அந்த வீடுகளைக் காணும்போதெல்லாம், அதே கடலில் சென்ற வேறொரு கூட்டத்தை நான் நினைத்துக்கொள்கிறேன். நாகப்பட்டினத்துத் துறையிலிருந்து பினாங்குக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்ட நிலமற்ற உழவர்கள் அவர்கள். மலாயாவில் அந்த ஒப்பந்த முறை 1910-இல்தான் ஒழிந்தது. வணிகர் சென்றதற்கு வீடுகள் சாட்சியாய் நிற்கின்றன. கூலிகள் சென்றதற்கு இங்கே எந்தச் சாட்சியும் இல்லை. அவர்கள் விட்டுச்சென்ற குடிசைகள் அடுத்த மழைக்கே கரைந்திருக்கும்.

அவர்கள் ஏன் சென்றார்கள்? இங்கேதான் நம்மவர் கையிலுள்ள கறையையும் பார்த்தாக வேண்டும். பள்ளர், பறையர் சமூகத்து உழவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர்கள் நம் மிராசுதாரர்களே. வரி ஒழுங்காக வந்தவரை கம்பெனி அதைக் கண்டுகொள்ளவில்லை. 1843-இல் வந்த ஐந்தாம் சட்டம், அடிமைமுறையைச் சட்டம் இனி அங்கீகரிக்காது என்று அறிவித்தது. ஆனால் விடுதலையான அடிமைக்கு ஒரு குழி நிலமும் கிடைக்கவில்லை. அடிமை என்ற பெயர் போய்ப் பண்ணையாள் என்ற பெயர் நிலைத்தது. சங்கிலியின் இடத்தைக் கடன் பிடித்துக்கொண்டது. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1952 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பின்னும், 1968 டிசம்பர் 25 அன்று, நாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அப்போது வெள்ளையர் போய் 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. எனவே எல்லாப் பழியையும் அவர்கள் மேல் சுமத்திவிட்டு நாம் கைகழுவ முடியாது. பேரரசு இங்கே தனியாக ஆளவில்லை. உள்ளூர்ச் சக்கேயுக்களின் தோள்மேல் அமர்ந்துதான் ஆண்டது.

இறுதியாக, "இந்த ஆலயந்தான் ஏது?" என்ற கேள்வி. இதுவே என்னை மிகவும் வருத்திய கேள்வி. பேரரசா நமக்கு நம்பிக்கையைத் தந்தது? மறவர் நாட்டில் துறவிக் கோலத்தில் நடந்து, 1693-இல் ஓரியூரில் தலை கொடுத்த அருளானந்தருக்குப் பின்னால் எந்தப் படை நின்றது? தமிழைத் தாய்மொழிபோல் கற்றுக் காப்பியம் பாடிய வீரமாமுனிவரை எந்தக் கலெக்டர் காத்தார்? கிழக்கிந்தியக் கம்பெனியோ, தன் வணிகத்துக்கு இடையூறென்று கருதி, 1813 வரை மறைப்பணியாளர்களைத் தன் ஆட்சிப்பகுதியில் விரும்பவே இல்லை. 1838-இல் மதுரை மறைப்பணிக்குத் திரும்பி வந்த பிரெஞ்சு இயேசு சபைக் குருக்களில் பலர், வந்த சில ஆண்டுகளிலேயே காலராவில் இளம் வயதில் மாண்டனர். அவர்கள் கல்லறைமுன் நான் முழந்தாளிடுவேன். அவர்கள் நாட்டுக் கொடியின்முன் நிற்கவும் மாட்டேன்.

பேரரசு திருச்சபைக்குள் நுழைந்த இடங்களில் விளைந்தது பிளவுதான். போர்த்துக்கீசிய மன்னரின் 'பதுரவாதோ' உரிமைக்கும் உரோமையின் நேரடி ஆட்சிக்கும் இடையே நடந்த சண்டையால், ஒரே ஊரில் இரு ஆயர்களின் பெயரால் இரு கட்சிகள் எழுந்து, மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அலைக்கழிந்தனர். 1952-இல் தஞ்சை மறைமாவட்டம் மயிலையிலிருந்து பிரிந்து உருவானபோதுதான் அந்தப் பழைய நிழல் நம் மண்ணிலிருந்து விலகியது. பிற நாடுகளின் கதை இதனினும் கொடிது. 1884-85 பெர்லின் மாநாட்டை ஒட்டிக் கொங்கோவைத் தன் தனிச்சொத்தாக்கிக்கொண்ட இரண்டாம் லெயோபோல்டு ஒரு கத்தோலிக்க மன்னன். இரப்பர் போதவில்லையென்று மக்களின் கைகள் வெட்டப்பட்டதும் அவன் ஆட்சியில்தான்.

"இதையெல்லாம் எழுதினால், நம்மை அந்நிய மதத்தார் என்று ஏசுவோருக்கு ஆயுதம் கொடுப்பதாகுமே" என்று நண்பர் சிலர் அஞ்சுகின்றனர். அச்சம் புரிகிறது, அறிவுரையை ஏற்க இயலவில்லை. பேரரசின் குற்றத்தை மறைக்கப் பாடுபடுகிறவரே அதன் பங்காளி என்று ஊர் சொல்லும். அதைக் குற்றமென்று கூறுகிறவர் நம்பிக்கையைப் பேரரசிலிருந்து பிரித்துக் காட்டுகிறார். மேலும், பாவத்தை ஒப்புக்கொள்வது நமக்குப் புதிய பழக்கமா? ஆன்ம சோதனை, மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் என்று சிறுவயதிலேயே கற்றவர்கள் நாம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1985-இல் காமரூனில் அடிமை வணிகத்துக்காக ஆப்பிரிக்க மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் பொலிவியாவில் பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கேட்டார். பிறர் நாடுகளைக் 'கண்டுபிடித்து' உரிமை கொள்ளலாம் என்ற பழைய கோட்பாட்டை 2023 மார்ச்சில் வத்திக்கான் வெளிப்படையாக நிராகரித்தது. உரோமை மண்டியிட்ட பின்னும் நம் முற்றத்தில் மட்டும் ஏன் இந்த விறைப்பு?

சக்கேயு மரத்திலிருந்து இறங்கியதோடு கதை முடியவில்லை. உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும், ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தரவும் முன்வந்த பிறகே அவர் வீட்டுக்கு மீட்பு வந்தது. பேரரசுகள் நமக்கு நான்கு மடங்கு தரப்போவதில்லை. அந்தப் பிரிவி கவுன்சில் மறுத்த விசாரணையை நாமாவது நடத்தலாம். நம் வீட்டுக் கணக்கையாவது நேர் செய்யலாம்.

நம் பங்குகள் வெளியிடும் நூற்றாண்டு மலர்களில், அடிக்கல் நாட்டிய ஐரோப்பியக் குருவின் படம் தவறாமல் இருக்கிறது. அந்தக் கல்லைச் சுமந்தவர் எந்தத் தெருவினர், அவர் ஆலயத்தில் எங்கே உட்கார வைக்கப்பட்டார், எந்தக் கல்லறையில் புதைக்கப்பட்டார் என்பதையும் அம்மலர்கள் எழுதட்டும். தனிக் கல்லறைகள் இன்னும் எங்கேனும் இருந்தால், அந்தச் சுவரை முதலில் இடிப்போம். இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைக்கும் நவம்பர் 2 அன்று, நாகப்பட்டினத்தில் கப்பலேறித் திரும்பாமற்போனவர்களுக்காகவும் ஒரு மன்றாட்டுச் சேர்ப்போம்.

அந்தப் பெரியவரை அடுத்த ஞாயிறு மீண்டும் காண்பேன். நன்றி மறக்கலாமா என்று கேட்டீர்களே, ஐயா. மறக்கக் கூடாது என்றே நானும் சொல்கிறேன். யாருக்கு நன்றி என்பதில்தான் நமக்குள் வழக்கு.