அட்டை கேட்கும் அரசு கதவைச் சாத்தலாமா?

"அட்டை எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே முதிர்ந்த சமூகம் நம்முடையது. போர்க் காலத்தில் ஹெவ்லொக் டவுனிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியிருந்த தமிழன், தன் வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்பதைப் பொலிஸ் நிலையத்திற் பதிந்துவிட்டு, அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கடைக்குப் போய் வந்தான். 2007 ஜூன் 7 ஆந் திகதி, விடுதிகளில் இருந்த 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து அகற்றப்பட்டதையும், மறுநாளே உயர் நீதிமன்றம் குறுக்கிட்டுத் தடுத்ததையும் நாம் மறந்துவிடவில்லை. ஆகவே, அட்டை என்பது வெறும் கடதாசி விவகாரம் என்று நம்மிடம் எவரும் சொல்ல வேண்டியதில்லை.

இன்று நாம் பேச முற்படுவது கட்டுநாயக்க விமான நிலையத்து ஊழியரின் அனுமதி அட்டையைப் பற்றி. அடுத்த கொள்ளைநோய் வருமுன் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம் இது.

பொதி ஏற்றுபவனாயினும் பொறியியலாளனாயினும், பாதுகாப்பு எல்லைக்குள் காலடி வைக்கத் தனி அட்டை வேண்டும். 1944 ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் 17 ஆவது இணைப்பு, உலக நாடுகள் அனைத்தின் மீதும் சுமத்தியுள்ள கடமை அது. ஊழியனின் பின்னணியை ஆராய்ந்த பின்னரே அவனைத் தனியே உள்ளே விடவேண்டும் என்பது விதி. 2001 ஜூலை 24 ஆந் திகதி தாக்குதலுக்கு உள்ளான விமான நிலையத்திற் காவல் இறுக்கமாக இருப்பதில் நாம் குறை காணவுமில்லை. நாம் கேட்பது வேறு. அட்டையின்றி உள்ளே வராதே என்று சொல்பவர்கள், அட்டை கொடுக்கும் கந்தோரைத் திறந்து வைக்க வேண்டாமா?

2020 மார்ச்சில் வந்திறங்கும் பயணிகளுக்குக் கட்டுநாயக்க மூடப்பட்டது. அதே மாதம் 20 ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. 2021 ஜனவரி 21 ஆந் திகதியே விமான நிலையம் பயணிகளுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் இடைக்காலத்தில் அங்கே வேலை நின்றுவிடவில்லை. வெளிநாடுகளிற் சிக்கியிருந்தோரைக் கொண்டுவந்த விமானங்களும், பண்டம் சுமந்த விமானங்களும் வந்து போயின. 2021 ஜனவரி 28 ஆந் திகதி இந்தியாவிலிருந்து ஐந்து இலட்சம் தடுப்பூசிகள் வந்திறங்கின. அந்தப் பெட்டிகளைத் தூக்கி இறக்கிய தொழிலாளியின் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கவேண்டியிருந்தது. அது முதல் நாள் காலாவதியாகியிருந்தால் என்ன செய்வது?

"விமான நிலையத்து அட்டையால் எனக்கென்ன?" என்று கமக்காரர் கேட்கலாம். மாலைதீவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் நமது காய்கறியும் பழமும் விமானத்திலேதான் போகின்றன. ஏற்றும் கை உள்ளே வர முடியாவிட்டால், கீரைக்கட்டு வெளியே கிடந்து வாடும். ஊரடங்கு நாட்களிலே தோட்ட வேலைக்குத் தடையில்லை என்று அறிவித்தார்கள், நல்லதே. ஆனால் விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகும் லொறிக்கு அனுமதி கிடைக்கும்வரை கத்தரிக்காய் காத்திருக்குமா?

அரசின் போக்கிலிருந்த முரண்பாட்டைப் பாருங்கள். 2020 மே மாதத்தில், அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைக் கொண்டே வெளியே வரும் நாளை வகுத்தார்கள். 1, 2 என முடிந்தால் திங்கள். 3, 4 என முடிந்தால் செவ்வாய். ஆட்பதிவுத் திணைக்களத்தின் ஒருநாட் சேவையையோ மார்ச்சிலேயே நிறுத்தியிருந்தார்கள். அட்டையைத் தொலைத்தவன் எந்தக் கிழமையைச் சேர்ந்தவன்? படியை எடுத்துவிட்டு மாடிக்கு வா என்று அழைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

காலத்தை நீடித்தாற் போதுமே என்பர் சிலர். அமெரிக்காவில் துறைமுகத் தொழிலாளரின் காலாவதியான அட்டைகளுக்கு 2020 இல் 180 நாள் நீடிப்பு அளித்தார்கள். நம் நாட்டிலும் சாரதி அனுமதிப்பத்திரங்களுக்கு நீடிப்புக் கிடைத்தது. நீடிப்பு நல்லதே, ஆனால் அது பாதி மருந்து. புதிதாக வேலைக்கு வருபவனிடம் நீடிப்பதற்கு அட்டையே இல்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றுண்டு. கொள்ளைநோய்க் காலத்தில் வேலையிழந்து வெளியேறுவோர் பலர். அவர்களுடைய அட்டைகளைத் திருப்பி வாங்கி இரத்துச் செய்வதும் அந்தக் கந்தோரின் பொறுப்பே. எனவே, பாதுகாப்பின் பெயரால் அட்டை கேட்பவர்கள் கந்தோரை மூடுவார்களாயின், பாதுகாப்பையே கைவிட்டவர்களாவார்கள்.

தமிழ் ஊழியனுக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு. சொந்த ஊர் கிளிநொச்சி என்றோ முல்லைத்தீவு என்றோ எழுதியவனின் பின்னணியை ஆராயும் கடிதம், ஊரடங்கு நாளில் எப்படிப் போய்த் திரும்பும்? 2020 ஒக்ரோபரிற் கொட்டாஞ்சேனை தனிமைப்படுத்தப்பட்டபோது, அங்கே அடைபட்டுக் கிடந்தவனின் அட்டை முடிந்திருந்தால் அது அவன் குற்றமா? மற்றவர்களுக்கு இது தாமதமாக முடியும். நமக்கோ தாமதம் சந்தேகமாகவும், சந்தேகம் வேலையிழப்பாகவும் முடியும்.

கந்தோரின் உள்ளே இருக்கும் எழுதுவினைஞரும் மனிதரே. நெருக்கடி நிறைந்த கூடத்தில் அவர்களை நோய்க்குப் பலிகொடுக்கும்படி நாம் கேட்கவில்லை. விண்ணப்பத்தை மின்னஞ்சலில் ஏற்கலாம். படத்துக்கும் கைரேகைக்கும் மட்டும், நேரம் குறித்து, ஒவ்வொருவராக அழைக்கலாம். ஊழியரை ஒன்றையொன்று சந்திக்காத இரு அணிகளாகப் பிரித்தால், ஓரணி நோயுற்றாலும் மற்றையது கதவைத் திறக்கும். காலாவதியாகும் அட்டைகளின் பட்டியலை முன்கூட்டியே தொழில் தருநர்களுக்கு அனுப்பலாம். இவற்றுக்கெல்லாம் முதற்படியாக, அனுமதி வழங்கும் கந்தோர்களை அத்தியாவசிய சேவையென இப்போதே பிரகடனப்படுத்த வேண்டும். அறிவித்தல் எதுவாயினும் தமிழிலும் அதே நாளில் வெளிவர வேண்டும்.

இவை சலுகைகள் அல்ல. அட்டையைக் கேட்கும் உரிமை அரசுக்கு உண்டெனில், அதைக் கொடுக்கும் கடமையும் அரசுக்கு உண்டு. உரிமையை ஊரடங்கிலும் கைவிடாதவர்கள், கடமைக்கு மட்டும் விடுமுறை விடலாகாது.