வெல்லர் வீதிப் பாடசாலை

அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்தில் ஜப்பானிய பாஷை கற்க விரும்புகிறவர் எங்கே போவது? நேராக வெல்லர் வீதிக்குப் போகலாம். 1902-ல் ஆரம்பமான நிஹோங்கோ காக்கோ என்னும் பாடசாலை, 1913-ல் எழுப்பிய கட்டிடத்துடன் அங்கே நிற்கிறது. பகலெல்லாம் இங்கிலீஷ் பள்ளியில் படித்துக் களைத்த பிள்ளைகள், மாலையில் இங்கு வந்து பெற்றோரின் பாஷையைப் பயின்றார்கள். அவ்வேளையில் அவர்கள் மனம் பந்து விளையாட்டிலேயே இருந்திருக்கும் என்பதை உபாத்தியாயராகிய நாம் சொல்லவும் வேண்டுமோ?

1941 டிஸம்பரில் ஜப்பானுடன் யுத்தம் மூண்டது. பாடசாலையின் கதவு சாத்தப்பட்டது. அடுத்த வருஷம் முதல், ஏறக்குறைய 1,20,000 ஜப்பானிய வம்சத்தவர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த பிரஜைகள்!

இதில் விந்தை ஒன்று உண்டு. அதே 1941 நவம்பரில்தான் அமெரிக்க ராணுவம் ஸான்பிரான்ஸிஸ்கோவில் ரகசியமாக ஒரு ஜப்பானிய பாஷைப் பள்ளியைத் துவக்கியிருந்தது. அதில் பயின்றவர்களில் மிகுதியானோர் இவ்வம்சத்து வாலிபர்களே. வீட்டில் பேசினால் சந்தேகத்தை விளைவித்த பாஷை, பாசறையில் ஆயுதமாயிற்று.

யுத்தம் முடிந்து திரும்பிய குடும்பங்கள் பலவற்றுக்கு வீடில்லை. வெல்லர் வீதி வகுப்பறைகளே அவர்களுக்கு இல்லங்களாயின. 1956-ல் பாடங்கள் மறுபடி தொடங்கின. சர்க்கார் மன்னிப்புக் கேட்டதோ 1988-ல்.

இதற்கிடையில், அச்சத்தினால் பிள்ளைகளுக்குத் தம் பாஷையைச் சொல்லித்தராமல் விட்ட பெற்றோர் பலர். பாட்டியின் மடியில் இனாமாகக் கிடைத்திருக்க வேண்டியதைப் பேரப்பிள்ளைகள் சம்பளம் கட்டிக் கற்க வேண்டியதாயிற்று. கற்க ஓர் இடமாவது மிஞ்சியதே என்பதில்தான் நமக்குத் திருப்தி.