எண்ணைப் பார்த்தார்கள், புண்ணைப் பார்த்தார்களா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

என் தந்தையார் மூட்டை சுமக்கும் தொழிலாளி. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளி. சென்ற கோடையில் 'முழு உடல் பரிசோதனை' என்ற விளம்பரத்தை நம்பி, இரண்டு நாள் கூலியைக் கொடுத்து இரத்தம் சோதித்து வந்தார். தாளில் 'சி.ஆர்.பி. 14' என்றிருந்தது, அருகே 'இதய ஆபத்து மிகுதி' என்ற எச்சரிக்கை. அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் உண்ணவில்லை. அந்த ஆங்கிலத் தாளைப் படிக்கத் தெரிந்தவன் வீட்டிலேயே நான் ஒருவன்தான். எனக்கும் பொருள் விளங்கவில்லை!

மறுநாள் எங்கள் துறைப் பேராசிரியர் விளக்கினார். உடலில் எங்கேனும் அழற்சி உண்டானால் கல்லீரல் மிகுதியாகச் சுரக்கும் புரதமே சி.ஆர்.பி. 1930இல் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டறியப்பட்டது. சர்க்கரை நோயாளிகளின் இரத்தக் குழாய்ச் சுவரில் மெல்லிய அழற்சி, நீறு பூத்த நெருப்பாய்ப் பல்லாண்டு கனன்றிருக்கக் கூடும். மாரடைப்பு வருவதில் அதற்கும் பங்குண்டு. கொழுப்பைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணித்த ஒரு மருந்து, முன்பே மாரடைப்பு கண்டவர்களுக்கு அது மீண்டும் வருவதை ஓரளவு குறைத்ததென 2017இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆயினும், அந்த எண்ணைப் படிக்க ஒரு முறை உண்டு. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைந்தால் இதய ஆபத்துக் குறைவு; 3க்கு மேற்பட்டால் மிகுதி என்பர். 10ஐத் தாண்டினாலோ, காய்ச்சலோ புண்ணோ உண்டா என்று முதலில் பார்த்து, அது ஆறிய பின்பே மீண்டும் சோதிக்க வேண்டும். என் தந்தையார் காலில் ஒரு மாதமாய் ஆறாத புண் இருந்தது! காலைப் பாராதவர்கள் இதயத்துக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

அரசு மருத்துவமனையில் புண் ஆறிற்று. அதனால் இதய ஆபத்து அகன்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை நோயே இதயத்துக்குப் பகைதான். சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, பீடி, கால், ஈறு இவற்றைக் கவனித்த பிறகன்றோ பிற சோதனைகள்? பீடியை விட அவருக்குக் காசு தேவைப்படவில்லை.

சோதனையே வேண்டாம் என்பதன்று என் வாதம். விளக்கமில்லாத சோதனை ஏழையின் கூலியையும் உறக்கத்தையும் ஒருசேரப் பறிக்கிறது என்பதே. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயாளிகள் என 2023இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அவர்களுள் எத்தனை பேர் வீட்டில் இப்படியொரு புரியாத தாள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறதோ!

நண்பர்களே, நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுகிறோம், சாலை போடுகிறோம். இவ்வாண்டு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, ஊராரின் அறிக்கைத் தாள்களைப் படித்துச் சொல்வோம். மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுப்போம். மருத்துவம் பார்ப்பது நம் வேலையன்று. படித்துச் சொல்வது நம் கடமை. அதற்காகத்தானே நம்மைப் படிக்க அனுப்பினார்கள்?